பல் ஆஸ்பத்திரி மெஷின்ல இருந்து வர்ற காந்தம் கர்ப்பத்தை பாதிக்குமா? ஒரு டென்டல் அசிஸ்டன்ட்டோட கேள்வி

மதுரை பக்கத்துல ஒரு பல் ஆஸ்பத்திரில அசிஸ்டன்ட்டா இருக்குற 27 வயசு தங்கச்சி ஒருத்தங்க நீளமா ஒரு கடிதம் எழுதியிருக்காங்க. யாருன்னு தெரியக்கூடாதுன்னு சில விவரத்தை மாத்தியிருக்கேன், விஷயம் அப்படியேதான் இருக்கு.

அஞ்சு வருஷமா அங்க வேலை. ரெண்டு சேர், ஆறு பேர் ஸ்டாஃப், அந்த கிளினிக் முதலாளி மேடத்துக்கு இன்னும் ரெண்டு கிளினிக் இருக்கு, எல்லாம் சேர்த்து 14 பேர். போன வருஷம் எட்டாவது வாரத்துல கரு கலைஞ்சிடுச்சு. இப்ப மறுபடி 11 வாரம். இந்த சமயத்துல அவங்க வீட்டுக்காரர் ஒரு வீடியோ பாத்திருக்கார், காந்தப்புலம் 0.4 மைக்ரோ டெஸ்லாவுக்கு (காந்தத்தை அளக்குற அலகு) மேல போனா புத்துநோய் வரும், கரு கலையும்னு அதுல சொன்னாங்களாம். உடனே போன்ல ஒரு ஆப் இறக்கி கிளினிக்குக்கே வந்து அளந்திருக்கார், பல்லுல கறை எடுக்குற ஸ்கேலர் பக்கத்துல 47, கருவிங்களை ஆவில சுத்தம் பண்ற ஆட்டோக்ளேவ் பக்கத்துல 62, ரிசப்ஷன்ல 44. "நூறு மடங்குக்கு மேல இருக்கு டாக்டர், போன தடவை என் குழந்தையை நானே அந்த மெஷின் பக்கத்துல நின்னு கொன்னுட்டேனா"ன்னு எழுதியிருக்காங்க. அன்னைல இருந்து காலைல வந்ததும் எக்ஸ்ரே ஏப்ரனை மாட்டினா சாயங்காலம்தான் கழட்டுறாங்க, இடுப்பு விட்டுப் போகுது. 3,800 ரூபாய்க்கு ரேடியேஷனை தடுக்கும்னு ஒரு டாலர் வாங்கி கழுத்துல போட்டிருக்காங்க. வேலையை விட்டுடுன்னு வீட்ல சொல்றாங்க, 11,000 சம்பளத்தை விட்டா கடன் கட்ட முடியாது.

கடைசி பக்கத்துல அவசரமா மூணு விஷயம் எழுதியிருக்காங்க. நாலு மாசமா சனிக்கிழமை குழந்தைங்க பல் டாக்டர் வர்றார், சிரிப்பு வாயு குடுக்குறார், மூணு மணி நேரம் கூடவே நிக்கணும், முடிஞ்சதும் தலை லேசா இருக்கும். சின்ன பிள்ளைங்க எக்ஸ்ரே ஃபிலிமை துப்பிடுறதால அதை இவங்கதான் விரல்ல புடிச்சுக்குவாங்க. அப்புறம் அவங்க கூட வேலை பாக்குற ஒரு அண்ணனுக்கு இதயத் துடிப்பை சீராக்குற பேஸ்மேக்கர் வச்சு மூணு மாசம் ஆகுது, அவருக்கும் இந்த காந்தம் ஏதாவது பண்ணுமான்னு ஒரே ஒரு வரி.

தங்கச்சி, முதல்ல போன வருஷத்தை பத்தி பேசிடலாம், ஏன்னா மத்த எல்லா கேள்வியும் அதுக்குள்ள இருந்துதான் வருதுன்னு தோணுது. எட்டு வாரத்துல கலையுறது நீங்க நினைக்கிறதை விட ரொம்ப சகஜம், கர்ப்பம்னு தெரிஞ்சவங்கள்ல நூத்துல பத்துல இருந்து இருபது பேருக்கு இப்படி ஆகுது, பக்கத்து வீட்ல யாருக்காவது ஆகியிருக்கும், வெளிய சொல்லியிருக்க மாட்டாங்க. அப்படி ஆரம்பத்துல கலையுறதுல ஏறக்குறைய பாதிக்கு காரணம் கருவோட குரோமோசோம் கணக்கு கரு உண்டாகுறப்பவே தப்பிப் போறது. அது அம்மா நின்ன இடத்தையோ தூக்கின பொருளையோ வச்சு வர்றது கிடையாது. அன்னைக்கு நீங்க ஆட்டோக்ளேவ் பக்கத்துல நிக்காம இருந்திருந்தாலும் நடந்ததுதான் நடந்திருக்கும்னு தொழில்சார் மருத்துவம் பாக்குற டாக்டரா என்னால சொல்ல முடியும். நீங்க உங்க குழந்தையை கொல்லலைமா. இந்த வரியை உங்க வீட்டுக்காரரையும் படிக்கச் சொல்லுங்க.

இனி உங்க கேள்வி. கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். உங்க பயம் நியாயமானது, ஆனா அது தப்பான மெஷின் மேல போய் உக்காந்திருக்கு. நீங்க மூணு பக்கம் எழுதின விஷயத்துல எனக்கு பெருசா கவலை இல்ல, கடைசில அவசரமா எழுதின மூணு விஷயம்தான் என்னை நிமிந்து உக்கார வச்சது. அதுக்கு வர்றேன், அதுக்கு முன்னாடி அந்த 47ஐ பாத்துடலாம்.

போன் காட்டின 47 எதோட அளவு?

உங்க வீட்டுக்காரர் அக்கறையோடதான் அளந்திருக்கார், அதுல தப்பே இல்ல, கருவிதான் வேற. போன்ல இருக்குறது திசைகாட்டி. மேப்ல நீங்க எந்தப் பக்கம் திரும்பி நிக்கிறீங்கன்னு காட்டுறதுக்காக பூமியோட காந்தத்தை அளக்குற சின்ன சிப். பூமியோட காந்தப்புலம் உலகம் பூரா சுமார் 25ல இருந்து 65 மைக்ரோ டெஸ்லா வரைக்கும் இருக்கும், நம்ம பக்கம் சுமார் 40. பூமியோட காந்த நடுக்கோடு தமிழ்நாட்டு தெக்கு முனை பக்கமாத்தான் போகுது, அதை ஆராயுறதுக்காகவே திருநெல்வேலி பக்கத்துல இந்திய புவிகாந்தவியல் நிறுவனத்தோட மையம் ஒண்ணு இருக்கு. ஆக ரிசப்ஷன்ல வந்த 44ங்குறது பெரும்பாலும் பூமிதான், நீங்க பிறந்ததுல இருந்து அதுக்குள்ளதான் இருக்கீங்க, உங்க பாட்டியும் அதுக்குள்ளதான் பத்து மாசம் சுமந்தாங்க. ஆட்டோக்ளேவ் பக்கத்துல 62 வந்ததுக்கு அதோட இரும்பு உடம்பே போதும், இரும்பு பக்கத்துல போனா திசைகாட்டி முள்ளு திரும்புற மாதிரி அந்த சிப்பும் தடுமாறும்.

நம்பிக்கை வரலைன்னா ஒண்ணு செய்யுங்க. ஞாயித்துக்கிழமை கிளினிக் மூடினதும் மெயினை ஆஃப் பண்ணிட்டு, அதே இடத்துல அதே மாதிரி போனை வச்சு பாருங்க. நம்பர் கிட்டத்தட்ட அப்படியேதான் நிக்கும். அப்புறம் மொட்டை மாடிக்கு போய் பாருங்க, அங்கயும் 40 பக்கத்துல வரும்.

அந்த வீடியோ சொன்ன 0.4 வேற ஜாதி. அது கரன்ட்ல இருந்து வர்ற, ஒரு செகண்டுக்கு 50 தடவை திசை மாறுற காந்தப்புலத்தோட அளவு. நிலையான பூமி காந்தத்தோட நம்பரை எடுத்து இதோட ஒப்பிடுறது, குடத்துல நிக்கிற தண்ணியையும் குழாய்ல அடிக்கிற தண்ணியையும் ஒரே கணக்குல பாக்குற மாதிரி. நிஜமா அளக்கணும்னா அதுக்குன்னு மூணு பக்கமும் அளக்குற காஸ் மீட்டர் இருக்கு, சிலதுல மில்லி காஸ்னு காட்டும், பத்து மில்லி காஸ் சேர்ந்தாத்தான் ஒரு மைக்ரோ டெஸ்லா. இது தெரியாம பயந்தவங்க நிறைய பேர்.

0.4ங்குற எண் எங்க இருந்து வந்துச்சு?

வீடியோக்காரர் அதை சும்மா கற்பனை பண்ணி சொல்லலை, அதனாலதான் இதை விளக்கியாகணும். உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2002ல வெளியிட்ட அறிக்கைல இந்த கரன்ட் காந்தப்புலத்தை "புற்றுநோய் உண்டாக்கலாம்"ங்குற 2பி பிரிவுல வச்சாங்க. வீட்ல சராசரியா 0.3, 0.4 மைக்ரோ டெஸ்லாவுக்கு மேல இருந்த குழந்தைங்ககிட்ட ரத்தப் புற்றுநோய் கொஞ்சம் கூடுதலா தெரிஞ்சதுதான் அதுக்கு அடிப்படை. ஒரு நிமிஷம் தொட்டா வர்ற அளவு இல்ல அது, ராப்பகலா வருஷக்கணக்குல இருக்குற சராசரி. காந்தப்புலம்தான் காரணம்னு இன்னைக்கு வரைக்கும் நிரூபணம் ஆகலை, அதனாலதான் அது "லாம்"ங்குற பிரிவுலயே இருக்கு. முழு கத்தாழை இலைச் சாறும், ஆசிய முறைல ஊறவச்ச காய்கறியும் அதே 2பி பிரிவுலதான் இருக்கு.

உடனடி பாதிப்புக்கு வேற வரம்பு இருக்கு. அயனியாக்காத கதிர்வீச்சுக்கான சர்வதேச ஆணையம் 2010ல சொன்னபடி 50 ஹெர்ட்ஸ்ல பொதுமக்களுக்கு 200 மைக்ரோ டெஸ்லா, வேலை செய்ற இடத்துல 1,000. கர்ப்பிணியா இருக்குறவங்களுக்கு நான் எப்பவும் அந்த பொதுமக்கள் அளவைத்தான் எடுத்துக்குவேன். ஐரோப்பால 2013ல தொழிலாளர்களுக்குன்னு மின்காந்தப்புலத்துக்கே தனி சட்டம் போட்டாங்க.

உங்களை மாதிரி கர்ப்பிணிகளை பயமுறுத்துறதுக்கு இன்னொரு ஆராய்ச்சியையும் எடுத்துப் போடுவாங்க, 2017ல அமெரிக்காவுல கலிபோர்னியால 913 கர்ப்பிணிகளுக்கு ஒரு நாள் பூரா மீட்டரை மாட்டி அளந்தது. காந்தப்புலம் குறைவா பதிவானவங்கள்ல நூத்துக்கு சுமார் 10 பேருக்கும், அதிகமா பதிவானவங்கள்ல சுமார் 24 பேருக்கும் கரு கலைஞ்சதுன்னு வந்துச்சு. இதை நான் ஒதுக்கித் தள்ளலை, நேர்மையான ஆராய்ச்சிதான். ஆனா அளந்தது ஒரே ஒரு நாள். அதோட கர்ப்பம் நல்லா நிக்கிறவங்களுக்கு பெரும்பாலும் வாந்தி, அசதி ஜாஸ்தி இருக்கும், அவங்க படுத்தே கிடப்பாங்க, வெளிய சுத்த மாட்டாங்க, மீட்டர்லயும் கம்மியா காட்டும். தெம்பா சுத்துறவங்க மீட்டர்ல அதிகம் காட்டும். அப்ப கரு கலைஞ்சது காந்தத்தாலயா, இல்ல ஏற்கனவே பலமில்லாத கர்ப்பம்ங்குறதால வாந்தி இல்லாம நடமாடினாங்களான்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. இந்த சந்தேகத்தை ஆராய்ச்சியாளர்கள் 2002லயே எழுப்பிட்டாங்க. ஆகவே என் நிலைப்பாடு இது: பதறத் தேவையில்ல, செலவில்லாம தள்ளி நிக்க முடிஞ்சா தள்ளி நில்லுங்க, அவ்ளோதான்.

உங்க கிளினிக்ல எது எவ்ளோ?

காந்தப்புலத்தோட குணம் ஒண்ணு தெரிஞ்சா பாதி பயம் போயிடும், தூரம் போகப் போக அது வேகமா விழுந்துடும். வீட்ல தலை காய வைக்கிற ஹேர் டிரையரையே எடுத்துக்குங்க, 3 சென்டிமீட்டர்ல 6ல இருந்து 2,000 மைக்ரோ டெஸ்லா வரைக்கும் காட்டுற மாடல் இருக்கு, ஒரு அடி தள்ளினா அதிகபட்சம் 7, ஒரு மீட்டர்ல 0.03. கிளினிக் மெஷினுக்கும் இதே கதைதான், அடிவயிறு ஒரு கை நீளம் தள்ளி இருந்தா நிம்மதியா இருக்கலாம்.

ஸ்கேலர்ல ரெண்டு வகை. இன்னைக்கே பாருங்க, நுனியை மட்டும் சின்ன சாவி வச்சு திருகி கழட்டுற மாதிரி இருந்தா அது பீசோ, உள்ள செராமிக் துண்டுதான் அதிருது, காந்தப்புலம் பேசுற அளவுக்கு கிடையாது. நம்ம ஊர்ல பெரும்பாலான கிளினிக்ல இதுதான். மெல்லிசு நிக்கல் தகடுங்களை அடுக்கி ஒட்டின ஒரு நீளமான கம்பி மாதிரி முழுசா உருவிட்டு வந்தா அது மேக்னட்டோ வகை, கைப்பிடிக்குள்ள காயில் இருக்கு, அதுதான் காந்தத்தை உண்டாக்கி தகடை செகண்டுக்கு 25,000, 30,000 தடவை அதிர வைக்குது. அதுலயும் புலம் அதிகமா இருக்குறது பிடிச்சிருக்குற டாக்டரோட கையிலதான். எதிர்ப்பக்கம் சக்ஷன் டிப்பை பிடிச்சு நிக்கிற உங்க வயித்துக்கு வர்றது சொற்பம்.

ஆட்டோக்ளேவ், கம்ப்ரசர் ரெண்டும் ஓடுறப்ப பக்கத்துலயே நிக்கணும்னு அவசியமில்ல, பட்டனை போட்டுட்டு நகர்ந்துடுங்க. இதை காந்தத்துக்காக மட்டும் சொல்லலை, ஆவி சூட்டுக்கும் சத்தத்துக்கும் அதுதான் நல்லது. உண்மையிலேயே ஒரு இடத்தை கவனிக்கணும்னா நீங்க மணிக்கணக்கா உக்கார்ற நாற்காலியை கவனிங்க. அது ஈபி மெயின் போர்டு, இன்வெர்ட்டர், ஸ்டெபிலைசர் ஒட்டி இருக்கா, இல்ல அந்த போர்டு சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கா? செங்கல் சுவர் காந்தப்புலத்தை தடுக்காது. நாற்காலியை ஒரு மீட்டர் இழுத்துப் போட்டா முடிஞ்சது.

ஏப்ரனையும் டாலரையும் கழட்டுங்க

அந்த ஏப்ரன்ல இருக்குற ஈயம் எக்ஸ்ரேவை தடுக்கும், கரன்ட் காந்தப்புலத்தை தடுக்காது, அது ஏப்ரனுக்குள்ள பூந்து போயிடும். நீங்க நாள் பூரா சுமந்தது வெறும் பாரம். கர்ப்பத்துல இடுப்பு மூட்டு இளகுற நேரத்துல கிலோ கணக்குல தோள்ல தொங்கவிட்டா வலிக்காம என்ன செய்யும்? எக்ஸ்ரே எடுக்கப் போறப்ப மட்டும் போடுங்க. அப்புறம் மடிச்சு நாற்காலி மேல போடாதீங்க, மடிப்புல ஈயம் விரிசல் விட்டா தேவைப்படுற நேரத்துல ஓட்டை ஏப்ரன்தான் மிஞ்சும், ஹேங்கர்ல தொங்க விடுங்க.

டாலர் விஷயத்துல கொஞ்சம் கடுமையாவே சொல்றேன். 2021 டிசம்பர்ல நெதர்லாந்து அரசோட அணு பாதுகாப்பு அமைப்பு, ரேடியேஷனை தடுக்கும்னு வித்த பத்து பொருளை சோதிச்சுப் பாத்து, அதுங்களே கதிரியக்கம் விடுது, யாரும் போடாதீங்கன்னு எச்சரிச்சாங்க, அதுல கழுத்துல போடுற டாலரும் இருந்துச்சு. உங்களோடது அப்படின்னு நான் சொல்ல முடியாது. ஆனா அது எதையும் தடுக்கவும் போறதில்ல, வயித்துல பிள்ளையோட அந்த சந்தேகம் உங்களுக்கு எதுக்கு? கழட்டி வச்சுட்டு, பில் இருந்தா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணி பொய் விளம்பரம்னு புகார் குடுங்க. 3,800 உங்க சம்பளத்துல மூணுல ஒரு பங்கு.

சனிக்கிழமை கேஸ்

இப்ப நான் கவலைப்படுற விஷயம். சிரிப்பு வாயுங்குறது நைட்ரஸ் ஆக்சைடு. நோயாளி குழந்தைக்கு அரை மணி நேரம் குடுக்குறது பாதுகாப்பானது, ஆனா அந்தக் குழந்தை வெளிய விடுற கேஸை சனிக்கிழமை பூரா ஏசி ரூம்ல மூச்சுல இழுக்குறது நீங்க. முடிஞ்சதும் தலை லேசா இருக்குன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, ரூம்ல கேஸ் கசியுதுன்னு உங்க உடம்பே சொல்லுது. அமெரிக்காவுல 1990கள்ல உங்களை மாதிரி பல் அசிஸ்டன்ட் பெண்கள்கிட்ட பண்ணின ஆராய்ச்சில, கேஸை உறிஞ்சி வெளிய அனுப்புற வசதி இல்லாத ரூம்ல வாரத்துக்கு மூணு மணி நேரமோ அதுக்கு மேலயோ நின்னவங்களுக்கு கரு கலையுறது ரெண்டரை மடங்குக்கு மேல தெரிஞ்சது, அஞ்சு மணி நேரத்துக்கு மேல நின்னவங்களுக்கு கரு தங்குறதே தாமதமாச்சு. அந்த உறிஞ்சுற வசதி இருந்த கிளினிக்ல இந்த வித்தியாசம் தெரியலை. நல்ல செய்தி அதுதான், தீர்வு நம்ம கையில இருக்கு. இந்த கேஸ் உடம்புல பி12 வைட்டமினை வேலை செய்ய விடாம பண்ணும், கரு வளர்ற ஆரம்ப மாசத்துல அது முக்கியமான சத்து.

பயந்துடாதீங்க, இதுவரை நின்னதால கண்டிப்பா ஏதாவது ஆகும்னு அர்த்தம் இல்ல. அதோட அந்த டாக்டர் வர ஆரம்பிச்சு நாலு மாசம்தான் ஆகுது, போன வருஷம் நடந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. வர்ற சனிக்கிழமைல இருந்து அந்த ரூமுக்குள்ள போகாதீங்க, வேற சேருக்கு மாத்திக்குங்க. உங்க மகப்பேறு டாக்டர்கிட்ட எத்தனை வாரம் நின்னீங்கன்னு சொல்லி பி12 பாக்கணுமான்னு கேளுங்க. 11 வாரம்னா, கருவோட பின்கழுத்துல இருக்குற நீரோட அளவைப் பாக்குற என்டி ஸ்கேன் எடுக்குற நேரமே இதுதான், 14 வாரம் தொடுறதுக்குள்ள எடுத்துடுங்க, அஞ்சாவது மாச ஸ்கேனும் தவற விடாதீங்க. கிளினிக்ல மத்த பொண்ணுங்களுக்காக மேடம்கிட்ட ஒண்ணு கேளுங்க, மூக்கு மாஸ்க்ல கேஸ் உள்ள போற டியூப் மட்டும் இருக்கா, வெளிய உறிஞ்சுற டியூப் சக்ஷனோட கனெக்ட் ஆகியிருக்கான்னு. அமெரிக்க தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் சொல்ற அளவு 25 பிபிஎம்தான், அதாவது பத்து லட்சம் பங்கு காத்துல 25 பங்கு கேஸ், ஜன்னலை சாத்தி ஏசி போட்ட ரூம்ல உறிஞ்சுற வசதி இல்லாம அந்த அளவுக்குள்ள நிக்கிறது கஷ்டம்.

விரல்ல பிடிக்கிற ஃபிலிம்

இதை ஸ்டாஃப் யாருமே பண்ணக்கூடாது, கர்ப்பமா இருந்தாலும் இல்லாட்டியும். ஏப்ரன் போட்டிருந்ததால வயித்துக்கு போனது ரொம்ப சொற்பம், குழந்தையை நினைச்சு கலங்காதீங்க. ஆனா உங்க விரல் கதிர் பாயுற இடத்துலயே இருக்கு, ஒரு தடவைக்கு கொஞ்சம்தான், அதுவே வருஷம் பூரா, அஞ்சு வருஷம்னா? பழைய காலத்து பல் டாக்டர்கள் இப்படி பிடிச்சு பிடிச்சே விரல் தோல் கெட்டு புத்துநோய் வரைக்கும் போயிருக்காங்க. ஃபிலிம் ஹோல்டர் வாங்கச் சொல்லுங்க, பெரிய விலை இல்ல. குழந்தை அடம் பிடிச்சா அப்பாவோ, கர்ப்பமில்லாத அம்மாவோ ஏப்ரன் போட்டுக்கிட்டு பிடிக்கட்டும், நீங்க ரெண்டு மீட்டர் தள்ளி கதிர் போற பக்கத்துல இல்லாம நில்லுங்க.

எக்ஸ்ரே விஷயத்துக்கு நம்ம நாட்ல தெளிவான விதி இருக்கு. 2004 கதிர்வீச்சு பாதுகாப்பு விதிகள்படி அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்தான் பொறுப்பு, கிளினிக் எக்ஸ்ரே மெஷினை அவங்க இ-லோரா இணையதளத்துல பதிஞ்சிருக்கணும். எக்ஸ்ரேயோட வேலை பாக்குறவங்க கர்ப்பம்னு தெரிவிச்சதும் மிச்ச மாசத்துக்கு கருவுக்கு போற கதிர்வீச்சு அளவு 1 மில்லி சீவர்ட்டுக்கு மேல போகக்கூடாது. நம்ம எல்லாரும் மண்ணுல இருந்தும் வானத்துல இருந்தும் வாங்குறதே உலக சராசரில வருஷத்துக்கு 2 மில்லி சீவர்ட்டுக்கு மேல. தள்ளி நின்னு எடுத்தா நீங்க அந்த 1 பக்கத்துல கூட போக மாட்டீங்க. ஆனா நீங்க தெரிவிச்சாத்தான் அந்தப் பொறுப்பு மேடம் மேல வருது, அதை வாய்ல சொல்றதோட விடாம எழுத்துலயே குடுத்துடுங்க.

பாதரசம் கலந்து பல்லை அடைக்கிற சில்வர் ஃபில்லிங் பத்தி நீங்க எழுதலை, இருந்தாலும் சொல்லிடுறேன், பாதரசத்தை உள்ளங்கைல வச்சு உருட்டுறது, துணில பிழியுறது இன்னும் சில கிளினிக்ல நடக்குது. உங்க இடத்துல நடந்தா அந்த வேலையை தொடாதீங்க, சில்வர் அடைச்ச பல்லை பிடுங்கினா அதை ஆட்டோக்ளேவ்ல போடாதீங்க, சூட்டுல பாதரச ஆவி கிளம்பும்.

வேலையை விடணுமா?

என்னைக் கேட்டா இப்ப விடாதீங்க. காந்தத்துக்காக விடுறதுக்கு காரணமே இல்ல, கேஸும் எக்ஸ்ரேவும் வேலையை மாத்திக்கிட்டா தீர்ற விஷயம். விட்டா கைக்கு வர்ற உரிமையும் போயிடும். மகப்பேறு விடுப்பு 2017ல 12 வாரத்துல இருந்து 26 வாரம் ஆச்சு, 2025 நவம்பர்ல அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்பு சட்டத் தொகுப்புலயும் அதே 26 வாரம் சம்பளத்தோட இருக்கு, முந்தின 12 மாசத்துல 80 நாள் வேலை பாத்திருக்கணும். கரு கலைஞ்சா ஆறு வாரம் விடுப்பு உண்டு. போன வருஷம் உங்களுக்கு அது இருக்குன்னு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க, ரெண்டு நாள்ல வேலைக்கு போனேன்னு எழுதியிருந்தீங்க, அதைப் படிக்க ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

இதுல ஒரு சிக்கல், இந்த உரிமையெல்லாம் பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற இடத்துக்குத்தான். உங்க கிளினிக்ல ஆறு பேர், மூணு கிளினிக்கும் சேர்த்தா 14. ஒரே முதலாளி கிளைகளா எடுத்துக்குவாங்களாங்குறதை வச்சுத்தான் இருக்கு, அதனால பக்கத்து இஎஸ்ஐ கிளை ஆபீஸ்ல நேர்ல போய் கேளுங்க. 21,000க்கு உள்ள சம்பளம்ங்குறதால நீங்க இஎஸ்ஐ வரம்புக்குள்ளதான் வர்றீங்க, அதுலயும் மகப்பேறு பலன் இருக்கு, ஆனா சந்தா கட்டின நாள் கணக்கு வேணும், அதனால தள்ளிப் போடாதீங்க. இதெல்லாம் கிடைக்கலைன்னாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துல பதிவு பண்ணிடுங்க, குடும்பம் தகுதிக்குள்ள வந்தா டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல பணமும் சத்துப் பொருளுமா சேர்த்து 18,000 ரூபாய் வரைக்கும் தவணையா வரும். அப்புறம் தமிழ்நாட்ல 2021ல இருந்து கடை, நிறுவனங்கள்ல வேலை பாக்குறவங்களுக்கு உக்கார வசதி குடுக்கணும்னு சட்டமே இருக்கு, அசிஸ்டன்ட்டுக்கும் ஒரு ஸ்டூல் கேக்குறதுல கூச்சப்படாதீங்க.

மேடம் நல்லவங்கன்னு எழுதியிருக்கீங்க. அப்ப சண்டை மாதிரி போக வேணாம், இப்படி ஒரு தாள்ல எழுதி கைல குடுங்க, ஒரு நகலை போட்டோ எடுத்து வச்சுக்குங்க: "நான் 11 வார கர்ப்பமாக இருக்கிறேன். மருத்துவ ஆலோசனைப்படி நைட்ரஸ் ஆக்சைடு தரும் அறையிலும், எக்ஸ்ரே எடுக்கும்போது ஃபிலிம் பிடிக்கும் வேலையிலும் என்னை ஈடுபடுத்த வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். மற்ற வேலைகளைத் தொடர்ந்து செய்கிறேன்." இதுல காந்தம்னு ஒரு வார்த்தை கூட வேணாம். அதைப் போட்டா பேச்சு பூரா அதுலயே போயிடும், கேஸ் பின்னாடி போயிடும்.

பேஸ்மேக்கர் வச்ச அண்ணன்

உங்க கடிதத்துல காந்தம் நிஜமாவே விஷயமா இருக்குற ஒரே ஆள் அவர்தான், அவருக்கு நீங்க குடுத்தது ஒரே வரி. அவர் கருவி கழுவுற அல்ட்ராசோனிக் தொட்டி, மேக்னட்டோ ஸ்கேலர், கரன்ட்ல ஈறு வெட்டுற காட்டரி, இதெல்லாம் பேஸ்மேக்கரை குழப்புமான்னு 1990கள்ல லேப்ல சோதிச்சப்ப சில பழைய மாடல் குழம்புச்சு. இப்ப வர்ற பேஸ்மேக்கருக்கு கவசம் நல்லா இருக்கு, பிறகு வந்த சோதனைகள்ல பெரும்பாலும் ஆபத்தா எதுவும் வரலை. அதனால வேலையை விடச் சொல்லி அவரை பயமுறுத்த வேணாம். ஆனா எந்த மெஷினோட கைப்பிடி, ஒயர், தொட்டி எதுவும் நெஞ்சுல இருந்து அரை அடிக்குள்ள வரக்கூடாது. தொட்டி ஓடுறப்ப அது மேல குனிஞ்சு பாக்கக்கூடாது, ஸ்கேலர் ஒயரை கழுத்தை சுத்தி தோள்ல போட்டுக்கிட்டு நடக்கக்கூடாது, போனை இடது சட்டைப் பாக்கெட்ல வைக்கக்கூடாது. காட்டரியை அவர் பிடிக்கவே வேணாம், டாக்டர்கிட்ட கேக்குற வரைக்கும். தலை சுத்தினா, படபடன்னு வந்தா உடனே மெஷினை விட்டு தள்ளிப் போகணும், தள்ளினா பெரும்பாலும் பேஸ்மேக்கர் தானா பழைய நிலைக்கு வந்துடும், அப்புறமும் சரியாகலைன்னா ஆஸ்பத்திரிதான். ஆபரேஷன் பண்ணின இடத்துல ஒரு கார்டு குடுத்திருப்பாங்க, அதுல கம்பெனி, மாடல் நம்பர் இருக்கும், அடுத்த செக்கப்புக்கு போறப்ப நான் பல் ஆஸ்பத்திரில இந்த இந்த மெஷினோட வேலை பாக்குறேன்னு எழுதி எடுத்துட்டு போகச் சொல்லுங்க.

இன்னொண்ணு. தீபாவளிக்கு மேடம் எல்லாருக்கும் புது யூனிஃபார்மும், ஊக்கு குத்தாம காந்தத்துல ஒட்டுற பேர் பேட்ஜும் குடுத்தாங்கன்னு கடிதத்தோட ஆரம்பத்துல போற போக்குல எழுதியிருக்கீங்க. அந்த பேட்ஜ்ல இருக்குறது சின்னது, ஆனா நிலையான, பலமான காந்தம். அது பேஸ்மேக்கருக்கு நேர் மேல ஒட்டினா இதயத்தை பாக்காம ஒரே வேகத்துல துடிக்க வைக்கிற நிலைக்கு அதை மாத்திடும், டாக்டர்கள் சோதனைக்கு நெஞ்சுல காந்தம் வச்சு வேணும்னே பண்றது அதைத்தான். அண்ணன் அதை எந்தப் பக்கம் ஒட்டியிருக்கார்னு நாளைக்கு காலைல போனதும் பாருங்க. எந்தப் பக்கமா இருந்தாலும் கழட்டச் சொல்லி ஊக்கு வச்ச பழைய பேட்ஜையே குத்திக்கச் சொல்லுங்க. அப்புறம் என்டி ஸ்கேன் முடிஞ்சதும் எனக்கு ஒரு வரி எழுதுங்க.